பொலோன்யால ஒரே ஒரு ராத்திரி, எங்க உக்காந்து சாப்பிடறது?

சித்தப்பா பையனுக்கு கல்யாணமாகி மூணு மாசம் ஆகுது, இப்பதான் லீவு கிடைச்சு ரெண்டு பேரும் இத்தாலி கிளம்பறாங்க. வெனிஸ் மூணு நாள், ஃப்ளாரன்ஸ் மூணு நாள், நடுவுல ஒரே ஒரு ராத்திரி பொலோன்யா. "அக்கா, நீ ரெண்டு தடவ போயிருக்கல்ல, எங்க சாப்பிடறதுன்னு ஒரே ஒரு இடம் சொல்லு, போதும்"னு வாட்ஸ்அப்ல கேட்டான். வாய்ஸ் நோட் போட ஆரம்பிச்சேன், ஏழு நிமிஷம் ஆகியும் நான் இன்னும் ரயில்வே ஸ்டேஷன விட்டே வெளிய வரல. சரி இது ஆகற கதை இல்ல, எழுதியே வச்சிடலாம், வேற யாராவது போறவங்களுக்கும் ஆகுமேன்னுதான் இது.

மொத தடவ நானும் எங்க வீட்டுக்காரரும் மட்டும் போனோம். ரெண்டாவது தடவ அத்தையும் கூட வந்தாங்க, எங்க பொண்ணும், அப்ப அவளுக்கு ஆறு வயசு. அத்தை சுத்த சைவம், முட்டை கூட கிடையாது. அதே ஊரு, அதே தெரு, ஆனா மொத தடவ சொர்க்கமா இருந்த விஷயமெல்லாம் ரெண்டாவது தடவ தலைவலியாச்சு. அதனால எது நல்ல கடைன்னு மட்டும் கேட்டா பதில் வராது, கூட யாரு வராங்க, எத்தன மணிக்கு பசிக்குதுங்கறத வச்சுதான் சொல்ல முடியும்.

பொலோன்யா பழைய டவுன்ல ராத்திரி சாப்பாட்டுக்கு என் கணக்குல நாலு வழி இருக்கு. ஒண்ணு, சந்துக்குள்ள இருக்கற குடும்பமா நடத்தற ட்ரட்டோரியா. ரெண்டு, பெரிய சதுக்கத்த சுத்தி வெளிய சேர் போட்டிருக்கற ரெஸ்டாரன்ட்டுங்க. மூணு, மார்க்கெட் சந்துல வேணுங்கறத வாங்கிட்டு போய் பழைய ஒயின் கடையில உக்காந்து சாப்பிடறது. நாலு, ஒருத்தர் வீட்டுக்கே போய் சாப்பிடறது.

ட்ரட்டோரியாவ முதல்ல சொல்லிடறேன், ஏன்னா எல்லாரும் மனசுல நினைச்சுட்டு வரது அதத்தான். சின்ன ரூம், பத்து பன்னெண்டு டேபிள், அப்பா கல்லால, பையன் ஆர்டர் எடுக்கறான், உள்ள அம்மாவோ பாட்டியோ மாவு தேய்க்கறாங்க. நாங்க போன கடை அச்சு அசல் அப்படியே இருந்துச்சு. அந்த ஊர்ல மாவு தேய்க்கற பொம்பளைங்களுக்குன்னே ஒரு பேர் இருக்கு, ஸ்ஃபோல்யீனான்னு சொல்றாங்க. நம்ம பூரிக்கட்டை மாதிரிதான், ஆனா ஒரு கை நீளத்துக்கு மேல இருக்கு அந்தக் கட்டை. நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை, தண்ணி கிடையாது, அத தேய்ச்சு தேய்ச்சு, தூக்கிப் பிடிச்சா மலை மேல இருக்கற சான் லூக்கா கோயில் அந்தப் பக்கம் தெரியணும்னு அங்க சொல்லுவாங்களாம், அவ்ளோ மெல்லிசு.

அத ரிப்பன் மாதிரி வெட்டினா தல்யதெல்லே. இதுல ஒரு கூத்து என்னன்னா, தல்யதெல்லே எவ்ளோ அகலம் இருக்கணும்னு 1972ல வர்த்தக சபையில பதிவே பண்ணி வச்சிருக்காங்க, வெந்த பிறகு 8 மில்லிமீட்டர், அந்த ஊரு அசினெல்லி கோபுரத்தோட உயரத்துல 12,270ல ஒரு பங்கு. கோபுரம் 97 மீட்டர் சொச்சம், வகுத்துப் பாருங்க, சரியா வரும். நம்ம ஊர்ல யாராவது இடியாப்பத்த கோபுரத்த வச்சு அளந்திருப்போமா! எங்க கடையில உள்ள இருந்த அம்மா ஸ்கேல் எல்லாம் வைக்கல, மாவ சுருட்டி வச்சுட்டு பேசிக்கிட்டே கத்திய ஓட்டிட்டு இருந்தாங்க, தட்டுல வந்தது எல்லாம் ஒரே அகலம்.

அது மேல வரதுதான் ராகு. கேது கூட வர ராகு இல்ல, இது கறிக் குழம்பு. கொத்தின மாட்டுக்கறி, பன்றிக் கொழுப்பு, வெங்காயம் கேரட் செலரி, கொஞ்சம் ஒயின், கொஞ்சமா தக்காளி, சில வீட்ல பால் கூட, மணிக்கணக்கா சிம்ல வச்சு வேக வைக்கறது. இதுக்கும் 1982ல ஒரு அஃபிஷியல் செய்முறை பதிவு பண்ணாங்க, அப்புறம் 2023ல மாத்தி எழுதினாங்க. உலகம் பூரா ஸ்பகெட்டி போலோனீஸ்னு விக்கறாங்களே, அது இந்த ஊர் பேர்ல விக்கற வேற சரக்கு, இந்த ஊர்க்காரங்க ராகுவ ஸ்பகெட்டியில போட மாட்டாங்க. காரணமும் சரிதான், ஸ்பகெட்டி வழவழன்னு இருக்கும், குழம்பு வழுக்கி தட்டுக்கடியில போய் நின்னுடும், முட்டை மாவு தல்யதெல்லே கொஞ்சம் சொரசொரப்பு, கறி அதுல அப்பிக்கிட்டு வரும். அதனால மெனுவுல ஸ்பகெட்டி போலோனீஸ்னு பாத்தா அது டூரிஸ்ட்டுக்கு எழுதின மெனு, அந்தக் கடைய தாண்டி நடந்துடுங்க. நல்ல கடைய கண்டுபிடிக்க இது ஒண்ணே பாதி போதும். மீதி பாதிக்கு, மெனு சின்னதா இருக்கா, போட்டோ இல்லாம இருக்கா, வாசல்ல நின்னு யாரும் கைய புடிச்சு இழுக்காம இருக்காங்களா, வாரத்துல ஒரு நாளாவது லீவு விடறாங்களா, இத பாருங்க. மெனுவுல சில ஐட்டத்துக்கு பக்கத்துல நட்சத்திரக் குறி போட்டிருந்தா அது ஃப்ரீசர்ல இருந்து வரதுன்னு அர்த்தம், அங்க அத எழுதியே ஆகணும். எல்லாத்துக்கும் நட்சத்திரம் இருந்தா அது ட்ரட்டோரியா இல்ல, வானம்.

நாங்க ஒரு தல்யதெல்லே, ஒரு டோர்ட்டெல்லினி சூப்பு வாங்கினோம். டோர்ட்டெல்லினிங்கறது சுண்டு விரல் நகத்த விட கொஞ்சம் பெருசு, உள்ள பன்றிக்கறியும் மோர்ட்டடெல்லாங்கற பன்றிக்கறி உருளையும் சீஸும் ஜாதிக்காயும், அத கோழி மாடு எலும்பு போட்டு கொதிக்க வச்ச தெளிவான சாறுல மிதக்க விட்டு தராங்க. ஜுரம் வந்தவங்களுக்கு எங்க ஆத்தா வைக்கற நெஞ்செலும்பு சூப்பு ஞாபகம் வந்துச்சு எனக்கு, மிளகு மட்டும்தான் குறைச்சல். அப்புறம் ஒரு கொத்லெத்தா, கறிய பொரிச்சு அது மேல ஹாமும் சீஸும் போட்டு உருக வச்சது, அத ரெண்டு பேரும் பங்கு போட்டோம், அப்பவும் முடியல. அரை லிட்டர் வீட்டு ஒயின், தண்ணி பாட்டில், காபி எல்லாம் சேத்து 60 யூரோ சுத்தி வந்துச்சு. பில்லுல கொப்பெர்ட்டோன்னு தலைக்கு ரெண்டரை யூரோ போட்டிருந்தாங்க, எங்காளு உடனே ஏமாத்தறாங்கன்னு முறைச்சாரு. அது ஏமாத்து இல்ல, டேபிள் விரிப்பு, ரொட்டி, உக்காந்ததுக்கான காசு, மெனுவுல கீழ சின்னதா எழுதியிருப்பாங்க. அத குடுக்கறதால தனியா டிப்ஸ் வச்சே ஆகணும்னு இல்ல, சில்லறைய விட்டுட்டு வந்தா போதும்.

ஆனா இந்தக் கடைங்க நம்ம நேரத்துக்கு வளையாது. ராத்திரி ஏழு ஏழரைக்குதான் அடுப்பே பத்த வைப்பாங்க. மத்தியானம் பன்னெண்டரைல இருந்து ரெண்டரை, அதுக்கப்புறம் ஷட்டர். ஆறு மணிக்கு பசிக்குதுன்னு கதவ தட்டினா உள்ள குடும்பமே உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்கும், உங்கள பாத்து சிரிச்சுட்டு வாட்ச்ச காட்டுவாங்க. புக்கிங் இல்லாம வார கடைசியில போனா இடம் கிடைக்காது. ஆகஸ்ட் நடுவுல பல கடை மொத்தமா பூட்டிட்டு கடலுக்கு போயிடுவாங்க. சாப்பிட்டு முடிச்சு அரை மணி நேரம் ஆனாலும் பில்லு வராது, நாமளா கேக்கணும், கேக்காம கொண்டு வந்து வச்சா எழுந்து போன்னு சொல்ற மாதிரி ஆயிடுமாம். சொந்தக்காரங்க வீட்டுக்கு விருந்துக்கு போற மாதிரி நினைச்சுக்கணும், அவங்க வீட்டு நேரம், அவங்க வீட்டு சமையல், இத மாத்திக் குடு அத எடுத்துட்டுக் குடுன்னு கேக்கற இடமில்ல. நாங்க ரெண்டே பேர், எதையும் சாப்பிடுவோம், எட்டு மணிக்கு டேபிள், பத்தரைக்கு எழுந்தோம், தெரு முழுக்க வளைவு வளைவா மண்டபத்துக்கு அடியிலயே நடந்து ரூமுக்கு போனோம். அந்த ஊர்ல மழை பேஞ்சாலும் குடை வேணாம், நடைபாதை மேல எல்லாம் மண்டபம்தான், மொத்தம் 62 கிலோமீட்டராம், 2021ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. அந்த ராத்திரிய நான் எதுக்கும் மாத்திக்க மாட்டேன்.

ரெண்டாவது ட்ரிப்ல அதே கடைக்கு அத்தைய கூட்டிட்டு போகலாம்னு ஆசையா மெனுவ எடுத்துப் பாத்தேன். தல்யதெல்லேல முட்டை, கறி. டோர்ட்டெல்லினில எல்லாமே. லசான்யால கறி. கீரையும் பன்னீர் மாதிரி ரிக்கோட்டாவும் வச்ச டோர்ட்டெல்லோனின்னு ஒண்ணு இருக்கு, வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டு தருவாங்க, முட்டை சாப்பிடற சைவக்காரங்களுக்கு அருமையான ஐட்டம், ஆனா மாவுல முட்டை. பொரிச்ச ரொட்டி மாதிரி கிரெஷென்டீனான்னு ஒண்ணு இருக்கு, பாத்தா நம்ம பூரி, பல இடத்துல அதுல பன்றிக் கொழுப்பு சேப்பாங்க. வெங்காயமும் தக்காளியும் வதக்கி வச்ச ஃப்ரிஜ்ஜோனே கூட அப்படித்தான். இந்த ஊருக்கு இத்தாலிக்காரங்க வச்ச பட்டப்பேர்ல ஒண்ணு கொழுத்த ஊரு, சும்மா வைக்கல. அத்தைக்கு அந்த மெனுவுல சாலட்டும் தண்ணியும்தான் மிச்சம். அதான் அங்க போகாம சதுக்கத்துக்கு போனோம், வினை அங்கதான் ஆரம்பிச்சது.

சதுக்கம்னா பியாட்ஸா மஜ்ஜோரே, ஊருக்கு நடு நெஞ்சு மாதிரி. எதிர்ல சான் பெத்ரோன்யோ கோயில், 1390ல கட்ட ஆரம்பிச்சு இன்னைக்கு வரைக்கும் முகப்ப முடிக்கல, கீழ பாதி பளிங்கு, மேல பாதி வெறும் செங்கல். சாயங்காலம் வெயில் அந்த செங்கல் மேல விழறப்ப பாத்துட்டே உக்காரலாம், அது உண்மையிலயே அழகு, அதுக்கு நான் குறை சொல்ல மாட்டேன். இந்த சதுக்கத்து கடைங்களுக்கு ஒரு பெரிய ப்ளஸ், எப்பவும் திறந்திருக்கும். பொண்ணு ஆறேகாலுக்கே பசி பசின்னு ஆரம்பிச்சுட்டா, உடனே உக்காந்தோம், மெனு ஆறு பாஷையில இருந்துச்சு, பீட்சா இருந்துச்சு, அவளுக்கு வேற என்ன வேணும். அத்தைக்கு காய்கறி சூப்புன்னு போட்டிருந்தத கேட்டோம், கறி இல்லையேன்னு மூணு தடவ கேட்டேன், இல்ல இல்லன்னு அந்தப் பையன் சிரிச்சுட்டே சொன்னான். வந்துச்சு, அத்தை ஒரு ஸ்பூன் வாயில வச்சாங்க, கீழ வச்சுட்டாங்க. "ஏம்மா, இதுல என்னவோ வாடை அடிக்குது"ன்னாங்க. நான் குடிச்சுப் பாத்தேன், எலும்புச் சாறு. மறுபடி கூப்பிட்டு கேட்டா, ஆமா சாறு மாட்டு எலும்புதான், ஆனா கறித் துண்டு இல்லையேங்கறான். அவன் மேல தப்பு சொல்றதா, கேட்ட என் மேல சொல்றதா தெரியல, அங்க கறி இல்லன்னா துண்டு இல்லன்னுதான் அர்த்தம் போல. அத்தை ஒண்ணும் சொல்லல, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு, அன்னைக்கு ராத்திரி ரூம்ல ஊர்ல இருந்து கொண்டு வந்த சத்துமாவ வெந்நீர்ல கரைச்சுக் குடிச்சுட்டு படுத்துட்டாங்க. என்னோட தல்யதெல்லே குழைஞ்சு வந்துச்சு, நாலு பேருக்கு 100 யூரோ தாண்டினது தனி வயித்தெரிச்சல். அங்க உக்காந்து ஒரு காபியோ ஒரு கிளாஸ் ஒயினோ குடிங்க, கோயில பாருங்க. சாப்பாடுன்னு போனா, சின்னப் புள்ள பசிக்கு அழுதா மட்டும்தான்.

மூணாவது வழி எனக்கு ரொம்ப புடிச்சது, காசும் கம்மி. சதுக்கத்துக்கு ஒரு பக்கமா குவாட்ரிலாத்தெரோன்னு நாலஞ்சு சந்து சேந்த பழைய மார்க்கெட். தெரு பேரெல்லாம் பழைய மீன்கடைத் தெரு, தட்டாரத் தெரு, துணிக்கடைத் தெருன்னு நம்ம ஊரு கோயில சுத்தி இருக்கற மாதிரியே. சாயங்காலம் போனா கடை வாசல்ல ஆள் உசரத்துக்கு மோர்ட்டடெல்லா தொங்கும், நடுநடுவுல வெள்ளை வெள்ளையா கொழுப்பு வச்ச பெரிய பன்றிக்கறி உருளை அது. கிராம்ல கேக்க வேணாம், அங்க நூறு கிராமுக்கு எத்தோன்னு பேரு, ரெண்டு எத்தோன்னு சொன்னா மெஷின்ல பேப்பர் மாதிரி சீவித் தருவாங்க. அதோட ரெண்டு வருஷம் பழுத்த பார்மிஜானோ சீஸ் ஒரு துண்டு, ஒரு ரொட்டி. இத கையில வாங்கிட்டு பக்கத்து சந்துல ஓஸ்டெரியா தெல் சோலேன்னு ஒரு இடம் இருக்கு, அங்க போயிடணும். 1465ல இருந்து இருக்கற கடை. அங்க சாப்பாடே கிடையாது, குடிக்க மட்டும்தான் விப்பாங்க, சாப்பாடு நாம கொண்டு போகணும், அதுதான் அந்தக் கடையோட சட்டமே. நீட்டு மர டேபிள், பக்கத்துல யாருன்னே தெரியாது, ஒரு பக்கம் காலேஜ் பசங்க, ஒரு பக்கம் சீட்டு ஆடற தாத்தாங்க. அந்த ஊரு யுனிவர்சிட்டி 1088ல ஆரம்பிச்சதுன்னு சொல்றாங்க, ஸ்டூடன்ட்டுக்கு பஞ்சமில்ல. நாங்க பொட்டலத்த பிரிச்சு வச்சதும் எதிர்ல இருந்த தாத்தா எட்டிப் பாத்துட்டு எந்தக் கடையில வாங்கினன்னு கையாலயே கேட்டாரு, காட்டினோம், தலைய ஆட்டி பாஸ் போட்டாரு. ரெண்டு பேருக்கு ஒயினோட சேத்து 25 யூரோ தாண்டல. பின்யொலெத்தோன்னு அந்தப் பக்கத்து வெள்ளை ஒயின், லேசா நுரை வரும், கொழுப்பு கறிக்கு அது நல்லா போகும்.

இதுல மைனஸ், சுடச்சுட எதுவும் கிடையாது, நிம்மதியா சாஞ்சு உக்காரவும் முடியாது, சத்தம். நடு ராத்திரி வரைக்கும் திறந்திருக்காது, சாயங்காலமே போயிடணும். பாஸ்தா சாப்பிடாம பொலோன்யாவ விட்டுப் போறதும் திருநெல்வேலி போய் அல்வா வாங்காம வர மாதிரி. அதனால இத ஒரு வேளை சாப்பாட்டுக்கு பதிலா சொல்ல முடியாது, கூட சேத்துக்கற விஷயம்.

நாலாவதா வீட்டு சாப்பாடு. செசரீனேன்னு ஒரு அமைப்பு, 2004ல அந்த ஊர்லயே ஆரம்பிச்சது, வீட்டுல சமைக்கறவங்க முன்கூட்டி புக் பண்ணவங்களுக்கு தன் வீட்டு டேபிள்லயே போடறது. இந்த மாதிரி வேறயும் சிலது இருக்கு. விலை நாலு வழியிலயும் இதுதான் ஜாஸ்தி, ட்ரட்டோரியா மாதிரி ரெண்டு பங்கு தாராளமா ஆகும். சூப்பு கூத்து நடந்த மறுநாள் நாங்க ஒரு வீட்டுக்கு போனோம், அது முன்னாடியே ஏற்பாடு பண்ணினது, முட்டை வேணாம் கறி வேணாம் எலும்புச் சாறும் வேணாம்னு நாலு தடவ எழுதி அனுப்பியிருந்தேன். அந்தம்மாவுக்கு அத்தை வயசுதான் இருக்கும். முட்டை போடாம வெறும் மாவும் தண்ணியும் பிசைஞ்சு செய்யற ஸ்ட்ரோட்ஸப்ரெத்தின்னு ஒரு பாஸ்தா, பாதிரியார் கழுத்த நெரிக்கறதுன்னு அர்த்தமாம், ஏன் அந்தப் பேர்னு ஆளுக்கு ஒரு கதை சொல்றாங்க. மாவ பட்டையா வெட்டி உள்ளங்கையில வச்சு முறுக்கணும். அத்தை ரெண்டு நிமிஷம் பாத்தாங்க, எழுந்து போய் கைய கழுவிட்டு அவங்களும் முறுக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஒருத்தருக்கு இத்தாலியன், ஒருத்தருக்கு தமிழ், நடுவுல என் பொண்ணு, மூணு பேரும் ஒரு தாம்பாளம் நிறைய முறுக்கிப் போட்டாங்க. தக்காளியும் துளசி மாதிரி இருக்கற பேசிலும் போட்ட குழம்பு, அத்தை ரெண்டாவது தடவ கேட்டு வாங்கி சாப்பிட்டாங்க. மேல துருவிப் போட்ட பார்மிஜானோவ கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கற ஒண்ண போட்டுதான் திரிய வைக்கறாங்கன்னு எனக்கு ஊருக்கு வந்தப்புறம்தான் தெரிஞ்சது. அத்தைகிட்ட இன்னும் சொல்லல, நீங்களும் சொல்லாதீங்க. கண்டிப்பா சைவம் பாக்கறவங்க சீஸையும் சேத்து வேணாம்னு எழுதிடுங்க.

ஆனா புதுசா கல்யாணமான ரெண்டு பேருக்கு இது சரி வருமான்னு கேட்டா, எனக்கு தோணல. தெரியாதவங்க வீட்ல மூணு மணி நேரம் சிரிச்சுட்டே உக்காரணும், தனியா ஒரு வார்த்தை பேசிக்க முடியாது. வயசானவங்க, சாப்பாட்டுல கட்டுப்பாடு உள்ளவங்க கூட போனா கண்ண மூடிட்டு இதுதான். தம்பிக்கு ட்ரட்டோரியாதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. அவன் கறி மீன் எல்லாம் அடிப்பான், அவன் பொண்டாட்டி முட்டை சாப்பிடும், கறி வேணாம்னா டோர்ட்டெல்லோனி இருக்கு. எட்டு மணிக்கு மேல பசி தாங்கறவங்க, யாரும் அழப் போறதில்ல.

இவ்வளவையும் எழுதி அனுப்பினேன். அவன் படிச்சானோ இல்லையோ, நான் சொன்ன கடைக்கு அன்னைக்கே மெயில் போட்டுட்டான். ராத்திரி டேபிள் ஃபுல்லாம், மத்தியானம்னா தரோம்னு பதில் வந்துச்சு. "அக்கா, விட்றவா, சதுக்கத்துலயே பாத்துக்கவா"ன்னான். விடாதடான்னேன். காலைல வெனிஸ்ல சீக்கிரம் கிளம்பினா ஒன்றரை மணி நேர ட்ரெயின்தான், பெட்டிய ஸ்டேஷன்ல லாக்கர்ல போட்டுட்டு நேரா போய் உக்காரு, நல்லா சாப்பிடு, சாயங்காலம் மண்டபத்துக்கு அடியிலயே நடந்து செரிக்க வச்சுட்டு மோர்ட்டடெல்லா ரெண்டு எத்தோ வாங்கிட்டு அந்த ஒயின் கடைக்கு போயிடு, ராத்திரிக்கு அதுக்கு மேல வயித்துல இடம் இருக்காது. மத்தியானமும் அதே அம்மாதான் மாவு தேய்க்கறாங்க.

சரின்னு புக் பண்ணிட்டான். கன்ஃபர்மேஷன் ஸ்க்ரீன்ஷாட்ட ஃபேமிலி குரூப்புல போட்டதும் சித்திகிட்ட இருந்து உடனே பதில் வந்துடுச்சு, புதன்கிழமை பன்னெண்டரை மணி, நல்ல ராகு காலமா பாத்து புக் பண்ணியிருக்கியேடான்னு. அதுக்குத்தானேம்மா அவ்ளோ தூரம் போறோம்ங்கறான்.